பட்டாளத்துக்காரர் சாமியாரான கதை

2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் தேதி ரோமாபுரியில் போப் பிரான்சிஸ் பத்துப் பேரைப் புனிதர்களாக அறிவித்தார். மறுநாள் நம் தமிழ்ப் பத்திரிகைகளில் எல்லாம் தேவசகாயம் பிள்ளையின் படம். வர வேண்டியதுதான். கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை, மார்த்தாண்ட வர்மா காலத்தில் திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்தவர். குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாயின் நட்பால் 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று, 1752-இல் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் கதையை நம்மவர்கள் பலர் எழுதிவிட்டார்கள். அதே நாள், அதே மேடையில் வாசிக்கப்பட்ட இன்னொரு பெயரை நம் ஊரில் அநேகமாக யாரும் கவனிக்கவில்லை. ஷார்ல் தெ ஃபூக்கோ. அவரும் சுடப்பட்டே இறந்தவர்தான். (தத்துவ ஆசிரியர் மிஷெல் ஃபூக்கோ வேறு, இவர் வேறு. பேரப்பிள்ளைகள் குழப்பிக்கொள்கிறார்கள்.)

நான் கிறிஸ்தவன் அல்ல. ஆனால் பிரெஞ்சில் பாடம் படித்து வளர்ந்தவன். எங்கள் வகுப்பில் இந்த மனிதரின் பெயர் அடிக்கடி வரும். மாவீரர், ஞானி, பிரான்சின் பெருமை என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவார்கள். பிறகு வேலைக்குப் போய், கோப்புகளோடு முப்பத்தைந்து வருஷம் ஓட்டி, ஓய்வு பெற்ற பின்தான் அவரைப் பற்றி நிதானமாகப் படித்தேன். பள்ளியில் சொன்ன கதை பொய்யில்லை. பாதியைத்தான் சொல்லியிருந்தார்கள்.

1858 செப்டம்பரில் ஸ்த்ராஸ்பூர் நகரத்தில் பெரிய குடும்பத்தில் பிறந்தார். ஆறு வயது முடிவதற்குள் தாய், தந்தை இருவரும் போய்விட்டார்கள். வளர்த்தது தாய்வழித் தாத்தா; அவர் ஓய்வு பெற்ற கர்னல். 1870-இல் பிரஷ்யாவோடு நடந்த போரில் பிரான்ஸ் தோற்று, ஸ்த்ராஸ்பூர் ஜெர்மானியர் கைக்குப் போனது. குடும்பம் ஊரை விட்டு நான்சிக்குக் குடிபெயர்ந்தது. சொந்த ஊரைப் பறிகொடுத்த அந்தப் பையன் 1876-இல் சேன்-சீர் ராணுவக் கல்லூரியில் சேர்ந்தான். பின்னாளில் மார்ஷல் ஆன பெத்தேனும் அதே வகுப்புதான்.

படிப்பில் கவனமில்லை. தாத்தா இறந்து சொத்து கைக்கு வந்ததும் விருந்து, சூதாட்டம், உயர்ந்த சுருட்டு, பெண்கள் என்று ஒரே கொண்டாட்டம். சொமூர் குதிரைப்படைப் பள்ளியில் எண்பத்தேழு பேரில் எண்பத்தேழாவதாகத் தேறினார். கடைசி இடத்துக்கும் ஒரு தனித் திறமை வேண்டும்! 1880-இல் படைப்பிரிவு அல்ஜீரியாவின் செத்தீஃபுக்குப் போனபோது, காதலி மிமியைத் தன் மனைவி என்று சொல்லிக் கூடவே கொண்டுபோனார். மேலதிகாரிகள் அந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்பச் சொன்னார்கள்; மறுத்தார். 1881-இல் படையிலிருந்து நீக்கப்பட்டு, மிமியோடு எவியானில் போய் உட்கார்ந்தார்.

அங்கேதான் முதல் திருப்பம். தெற்கு ஓரான் பகுதியில் பூ அமாமா என்பவர் தலைமையில் கலகம் மூண்டது. தன் பழைய படைப்பிரிவு சண்டைக்குப் போகிறது என்று தெரிந்ததும் மிமியை விட்டுவிட்டு, எப்படியாவது தன்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஓடினார். சேர்த்துக்கொண்டார்கள். தண்ணீரில்லாத பாலையில் மாதக்கணக்கில் அலைந்த அந்தப் படையில், சோம்பேறி என்று பேரெடுத்த இவர் முணுமுணுக்காமல் எல்லாவற்றையும் தாங்கினார், சிப்பாய்களைப் பார்த்துக்கொண்டார். அங்கே பழக்கமானவர்தான் லப்பெரின் என்ற அதிகாரி. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இருபது வருஷம் கழித்து மறுபடி வருவார்.

சண்டை முடிந்ததும் 1882-இல் ராஜினாமா. அடுத்து மொரோக்கோ. அக்காலத்தில் அந்த நாட்டின் பெரும்பகுதிக்குள் ஐரோப்பியர் கால் வைத்தால் உயிர் மிஞ்சாது. எனவே யூத குருவின் வேஷம் போட்டு, மர்தொஷே என்ற உண்மையான யூத குருவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, 1883 ஜூன் முதல் 1884 மே வரை நாடு முழுவதும் சுற்றினார். உள்ளங்கையில் அடங்கும் குறிப்பேடு, சின்னப் பென்சில். நடக்க நடக்க மறைவாக எழுதுவார், இரவில் விரிவாக்குவார். ஆறு, மலை, ஊர், சந்தை எல்லாம் அளந்து கொண்டுவந்தார். 1885-இல் பாரிஸ் புவியியல் சங்கம் தங்கப் பதக்கம் கொடுத்தது. 1888-இல் பயண நூல் வெளிவந்தது.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பயணத்தில் சில முஸ்லிம் பெரியவர்கள் அவருடைய வேஷத்தைத் தெரிந்துகொண்ட பிறகும் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றினார்கள். திசிந்த் என்ற ஊரில் ஹாஜ் பூ ரீம் என்பவர் அவரைத் தம் சகோதரன் போல் பாதுகாத்தார். ஃபூக்கோ அந்த நன்றியைக் கடைசிவரை மறக்கவில்லை. ஆனால் அவர் போட்ட வரைபடம் என்ன ஆயிற்று? 1912-இல் மொரோக்கோ பிரான்சின் பாதுகாப்பு நாடு என்று ஆக்கப்பட்டது. சோறு போட்டவர்களின் ஊருக்கு வழியைத் தாளில் குறித்துக் கொடுத்தவர் அவர். அவரைப் புகழ்ந்து எழுதும் புத்தகங்கள் இந்த இடத்தைச் சீக்கிரமாகக் கடந்துவிடுகின்றன.

முஸ்லிம்கள் ஐந்து வேளையும் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத் தொழுவதைப் பார்த்துத்தான் தமக்குள் கடவுள் தேட்டம் எழுந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். சிறுவயதிலேயே நம்பிக்கையை இழந்திருந்தவர் 1886 அக்டோபரில் பாரிஸ் சேன்ட்-ஓகுஸ்தேன் கோயிலில் உய்வ்லேன் என்ற சாமியாரிடம் மதத்தைப் பற்றிப் பாடம் கேட்கப் போனார். சாமியார் பாடம் நடத்தவில்லை. முழந்தாளிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய் என்றார். செய்தார். அன்றோடு பழைய வாழ்க்கை தீர்ந்தது.

1890-இல் திராப்பிஸ்த் துறவியானார். பிறகு சிரியாவில் அக்பெஸ் மடத்துக்குப் போனார். அங்கே ஒரு நாள், இறந்துபோன ஏழைத் தொழிலாளி ஒருவரின் வீட்டுக்குப் பிரேதத்துக்குக் காவலாக இரவு கண்விழிக்க அனுப்பினார்கள். அந்தக் குடிசையைப் பார்த்ததும் தம் மடத்து ஏழ்மை வெறும் பேச்சு என்று பட்டுவிட்டது. 1897-இல் மடத்தை விட்டு நாசரேத் போய், கன்னியர் மடமொன்றின் தோட்டத்துக் கொட்டகையில் வேலைக்காரனாகத் தங்கினார். கடைசியில் 1901 ஜூன் 9-ஆம் தேதி, நாற்பத்திரண்டு வயதில், விவியே நகரில் குருப்பட்டம். எங்கே போக விருப்பம் என்று கேட்டால், யாரும் போகாத இடம் என்றார். தாம் குதிரையேறிச் சண்டை போட்ட சஹாராவையே தேர்ந்தெடுத்தார்.

முதலில் மொரோக்கோ எல்லைக்கு அருகில் பெனி அபெஸ். பேரீச்சந்தோப்பு, சில கிராமங்கள், ஒரு பிரெஞ்சுக் காவல்படை. சிப்பாய்களே மண்ணும் பேரீச்ச மரமும் சுமந்து அவருக்கு வீடு கட்டிக் கொடுத்தார்கள். அந்த வீட்டுக்கு மக்கள் 'க்ஹாவா' என்று பெயர் வைத்ததில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். அரபியில் சகோதரத்துவம் என்று பொருள். கூட வாழத் துறவிகள் வருவார்கள் என்று அறைகள் கட்டினார். யாரும் வரவில்லை. சில வருஷம் கழித்து ஒருவர் வந்தார். சில மாதம்கூடத் தாங்காமல் திரும்பினார். ஃபூக்கோவின் சாப்பாட்டைப் பற்றிப் படித்தவர்கள் அந்த மனிதரைக் குறை சொல்லமாட்டார்கள்.

பெனி அபெஸில் அவர் மனத்தைச் சுட்டது அடிமை முறை. 1848-இலேயே பிரெஞ்சுக் குடியரசு அடிமை முறையைச் சட்டப்படி ஒழித்தாயிற்று. (அது ஒழிந்ததால்தான் ரெயூனியன் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலி ஆள் வேண்டும் என்று நம் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ஜனங்களைக் கப்பலேற்றினார்கள், அது தனிக் கதை.) ஆனால் சஹாரா சோலைகளில் பிரெஞ்சுக் கொடியின் நிழலிலேயே அடிமைகள் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளூர்ப் பெரியவர்களைப் பகைத்துக்கொள்ளக் கூடாது என்று அதிகாரிகள் கண்டும் காணாமல் இருந்தார்கள். ஃபூக்கோ மேலதிகாரியான கெரேனுக்கும் மற்றவர்களுக்கும் கடுமையாகக் கடிதம் எழுதினார். அரசாங்கத்தோடு மோத வேண்டாம் என்று பதில் வந்தது. கீழ்ப்படிந்தார். அதோடு விடவில்லை: பிரான்சிலிருந்து உறவினர் அனுப்பிய காசைக் கொண்டு 1902 ஜனவரியில் ஒரு அடிமையை விலைக்கு வாங்கி விடுதலை செய்தார், பிறகு இன்னும் சிலரை. மேலிடத்து உத்தரவுக்கும் மனசாட்சிக்கும் நடுவே மாட்டிக்கொண்டு, தன்னால் முடிந்த சின்னக் காரியத்தைச் செய்துவிட்டு நகர்ந்தவர்களை நானும் அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன். அதனால் இந்தப் பகுதி எனக்குப் பிடிக்கும்.

பழைய பட்டாளத்துக்காரரும் உள்ளே உயிரோடுதான் இருந்தார். 1903 செப்டம்பரில் எல் முங்காரில் பிரெஞ்சுப் படை தாக்கப்பட்டது என்று கேள்விப்பட்டதும், குதிரை ஏறிப் பாலைவனத்தின் குறுக்கே தாகித் கோட்டைக்கு விரைந்தார். காயப்பட்டுக் கிடந்த நாற்பத்தொன்பது பேரை ஒவ்வொருவராகப் பார்த்தார். அவர்களில் பலர் எந்த நம்பிக்கையும் இல்லாத முரட்டு அன்னியப் படைக்காரர்கள். பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் வீட்டுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். சிப்பாய்க்குச் சிப்பாயின் பேச்சுதான் புரியும் போலிருக்கிறது.

அப்போதுதான் லப்பெரின் மறுபடி வருகிறார். இப்போது அவர் சஹாரா சோலைப் பிரதேசத்தின் தளபதி. 1902-இல் தித் என்ற இடத்தில் தோற்ற ஹோகார் மலைத் துவாரெக் மக்களிடம் பழக ஒரு நல்ல மனிதர் வேண்டும். தம் நண்பரையே அழைத்தார். 1905 ஆகஸ்ட்டில் ஃபூக்கோ தமன்ராசெத் போய்ச் சேர்ந்தார். இன்று அது பெரிய ஊர். அன்று இருபது குடிசை. அஞ்சல் கிடையாது, வைத்தியர் கிடையாது, வேறு ஐரோப்பியர் ஒருவரும் கிடையாது. அந்தச் சின்னக் கிராமத்துச் சாமியாராக, சபை என்று ஒருவர்கூட இல்லாமல், பதினோரு வருஷம் இருந்தார்.

1907 கிறிஸ்துமஸ் அன்று அவரால் பூசை வைக்க முடியவில்லை. கூட ஒரு கிறிஸ்தவராவது இருந்தால்தான் பூசை வைக்கலாம் என்பது விதி. பஞ்சம் வேறு. இருந்ததையெல்லாம் சனங்களுக்குக் கொடுத்துவிட்டு, 1908 ஜனவரியில் அவரே நோயில் விழுந்தார்; அசைந்தால் மூச்சு நின்றுவிடும் என்ற நிலை. வறட்சியில் மடி வற்றிய ஆடுகளைச் சுற்று வட்டாரம் முழுவதும் தேடி, கிடைத்த பாலைக் கொண்டுவந்து பிழைக்க வைத்தவர்கள் துவாரெக் மக்கள்தான். ஊருக்குக் கொடுக்க வந்தவர் வாங்கிக்கொள்ளக் கற்றது அப்போதுதான் என்று அவரைப் பற்றி எழுதுபவர்கள் பலரும் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. அதற்குப் பிறகு அவர் கடிதங்களில் மதம் மாற்றுவது பற்றிய அவசரம் குறைந்துவிடுகிறது. அவர் கையால் ஞானஸ்நானம் பெற்றவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அந்த அவசரமெல்லாம் ஒரு வேலையில் இறங்கியது. அகராதி. துவாரெக் மொழி, திஃபினாக் எழுத்து, கூடாரத்துக்குக் கூடாரம் பாடப்படும் கவிதைகள். ஒவ்வொரு சொல்லாகக் கேட்டு, சரிபார்த்து, பொருள் எழுதி, சுத்தப் பிரதி எடுத்தார். பாட்டுச் சொன்னவர்களுக்குச் சிறு காசும் கொடுத்தார். முன்பு இந்த வேலையில் கூட இருந்த மொத்திலின்ஸ்கி என்ற அறிஞர் 1907-இல் இறந்துவிட்டார். வெளியாகும் நூலில் அவர் பெயரைப் போடுங்கள், என் பெயர் வேண்டாம் என்றார் ஃபூக்கோ. அப்படியே 1908-இல் இலக்கண நூல் மொத்திலின்ஸ்கி பெயரில் வந்தது. அடுத்தவன் எழுதிய குறிப்பில் தன் கையெழுத்தைப் போட்டு மேலே அனுப்பும் உலகத்தில் வேலை பார்த்தவன் நான். இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

நமக்கும் இது புதிதல்ல. வீரமாமுனிவரின் சதுரகராதியைச் சொல்லவே வேண்டாம். நம் புதுச்சேரி மிஷன் அச்சுக்கூடத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் முசே, துய்ப்புய் என்ற இரண்டு சாமியார்கள் தமிழ்-பிரெஞ்சு அகராதி போட்டார்கள். அதைப் புரட்டித்தான் எங்கள் தலைமுறை மொழிபெயர்ப்புப் பயிற்சி செய்தது. ஆனால் அவர்களுக்கு இங்கே சபை இருந்தது, சீடர்கள் இருந்தார்கள், அச்சுக்கூடம் இருந்தது. தமன்ராசெத்தில் இவருக்கு மெழுகுவர்த்தியும் மணலும்தான்.

இனி அந்த மறுபாதி. ஃபூக்கோ லப்பெரினுக்கும் மற்ற அதிகாரிகளுக்கும் ஓயாமல் கடிதம் எழுதினார். எந்தக் குலம் எங்கே கூடாரம் போட்டிருக்கிறது, யார் நம்பத் தகுந்தவர், யார் இல்லை என்பதெல்லாம் அவற்றில் இருக்கும். துவாரெக் தலைவர் மூசா அக் அமஸ்தானுக்கு நண்பராக ஆலோசனை சொன்னார். அதே மூசாவைப் பற்றிப் படைக்கும் எழுதினார். இதை வைத்து அவரை ஒற்றர் என்று எழுதி முடித்துவிடுகிறவர்கள் உண்டு. பக்தர்களோ அந்தக் கடிதங்களே இல்லாதது போல் எழுதுகிறார்கள். இருவருக்கும் வேலை சுலபமாக முடிந்துவிடுகிறது. ஒற்றன் தன் சம்பளத்துக்கு வேலை செய்வான். இவர் பஞ்சத்தில் தம் கோதுமையைக் கொடுத்துவிட்டுச் சாகக் கிடந்தவர். பிரான்சின் ஆட்சி இந்த மக்களுக்கு நன்மை என்று மனதார நம்பினார். அதிகாரிகள் அநியாயம் செய்தபோது திட்டவும் செய்தார். 1916-இல் எழுத்தாளர் ரெனே பசேனுக்கு எழுதிய கடிதத்தில், இந்த மக்களை மனதளவில் நம்மவராக்காவிட்டால் ஒருநாள் நம்மைத் துரத்திவிடுவார்கள் என்று எச்சரித்தார். துரத்தினார்கள், 1962-இல். ஆனால் துரத்தப்படுவதற்கு நியாயம் இருக்கிறது என்பது மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை.

எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் அல்ஜீரியாவில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்கியவர். பீச் ரோட்டுப் போர் நினைவுச் சின்னத்துக்கு ஜூலை 14 அன்று பதக்கங்களைக் குத்திக்கொண்டு போவார். அல்ஜீரியா பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். ஒரே ஒரு முறை, அந்த ஊர்க்காரன் எங்களைச் சுட்டதில் எனக்குக் கோபமே வரவில்லை தம்பி, அவன் வீட்டு வாசலில் அல்லவா நாங்கள் நின்றோம் என்றார். ஃபூக்கோ பற்றிப் படிக்கும்போதெல்லாம் இவர் ஞாபகம் வரும். சாமியார் பார்க்காத ஒன்றை எங்கள் தெரு சொல்தா பார்த்திருந்தார்.

1914-இல் உலகப் போர் வந்ததும் ஃபூக்கோ போர்முனைக்குக் காயம்பட்டவர்களைத் தூக்கவாவது போகிறேன் என்று துடித்தார். அங்கேயே இருங்கள் என்றார் லப்பெரின். லிபியப் பக்கமிருந்து செனூசிப் படைகள் எழுந்து 1916 மார்ச்சில் ஜானெத் கோட்டையைப் பிடித்தன. ஊர் ஜனங்கள் ஒதுங்கிக்கொள்ள ஓர் இடம் வேண்டும் என்று ஃபூக்கோ மண் சுவரில் சிறு கோட்டை கட்டினார். படை கொடுத்த துப்பாக்கிகளும் தோட்டாக்களும் அதற்குள் வந்தன. வருஷக்கணக்கில் கதவைத் தாழிடாமல் வாழ்ந்தவர் இப்போது அகழிக்கு உள்ளே, ஆயுதக் கிடங்கின் மேல் உட்கார்ந்து அகராதி எழுதினார். நல்லெண்ணத்தில்தான் செய்தார். ஆனால் அந்தத் துப்பாக்கிகள்தான் கொள்ளைக்காரர்களை வரவழைத்தன என்று நினைக்கிறேன்.

டிசம்பர் 1, 1916. இருட்டும் நேரம். அவருக்குப் பழக்கமான, அவர் உதவிய மதானி என்ற ஆள் கதவைத் தட்டி, தபால் வந்திருக்கிறது என்றான். திறந்து கையை நீட்டினார். வெளியே இழுத்துக் கட்டி, முழந்தாளிட வைத்தார்கள். காவலுக்கு நிறுத்தப்பட்டவன் செர்மி என்ற பதின்வயதுப் பையன். அந்த நேரம் பார்த்து இரண்டு ஒட்டகப்படை வீரர்கள் வருவது தெரிய, பையன் பதறிச் சுட்டுவிட்டான். அவ்வளவுதான். ஐம்பத்தெட்டு வயது. அந்த இரு வீரர்களும் செத்தார்கள்; இருவரும் முஸ்லிம்கள். துவாரெக் கவிதைகளின் சுத்தப் பிரதியை முடித்து மூன்றே நாள் ஆகியிருந்தது.

மூன்று வாரம் கழித்துப் பிரெஞ்சு அதிகாரி வந்து பார்த்தபோது காகிதங்கள் மணலில் சிதறிக் கிடந்தன. கொள்ளைக்காரர்களுக்குக் காகிதம் எதற்கு? விட்டுப் போயிருந்தார்கள். ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்த்தார்கள். மூசா அக் அமஸ்தான் பிரான்சில் இருந்த ஃபூக்கோவின் தங்கைக்குத் துக்கம் விசாரித்துக் கடிதம் எழுதினார்.

லப்பெரின் 1920-இல் சஹாராவில் விமான விபத்தில் இறந்து, தமன்ராசெத்தில் நண்பரின் அருகிலேயே புதைக்கப்பட்டார். ஃபூக்கோவின் உடலை 1929-இல் எல் கொலேயாவுக்கு மாற்றினார்கள். உயிரோடிருந்தவரை ஒரு சீடர்கூடக் கிடைக்காதவருக்கு, 1933-இல் 'இயேசுவின் சின்னச் சகோதரர்கள்' என்றும் 1939-இல் 'சின்னச் சகோதரிகள்' என்றும் சபைகள் தோன்றின. இன்றும் அவர்கள் பல நாடுகளில் தொழிலாளிகளோடு தொழிலாளிகளாக வாழ்கிறார்கள்.

மணலில் பொறுக்கிய காகிதங்களில் கவிதைகள் 1925-இலும் 1930-இலும் அச்சேறின. பெரிய அகராதி மேலும் இருபது வருஷம் காத்திருந்து 1951-52-இல் நான்கு தொகுதிகளாக, இரண்டாயிரத்துச் சொச்சம் பக்கங்களில் வந்தது. துவாரெக் மொழி படிப்பவர்கள் இன்றும் முதலில் அதைத்தான் கையில் எடுக்கிறார்கள். அதற்கு அச்செழுத்துக் கோக்கவில்லை. அவர் கையெழுத்தையே அப்படியே படமெடுத்து அச்சடித்துவிட்டார்கள்: நெருக்கமான, சாய்வில்லாத, சின்னச் சின்ன எழுத்து; நடுவே திஃபினாக் வரிகள்; ஆங்காங்கே அவர் கையால் வரைந்த சிறு படங்கள்.